அன்ரனிதாசின் சைலன்சர் வைத்தியம்

உதைத்து உதைத்துக் கால் வீங்கியதுதான் மிச்சம். அன்ரனிதாசின் மோட்டார் சைக்கிள் இரண்டு தரம் இருமிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. ஊர்காவற்றுறைக் கடைத்தெருவுக்கு அதைத் தள்ளிக்கொண்டு வந்து கணநாதனின் கராச் வாசலில் நிறுத்தியபோது மனிதருக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

"என்னண்ணை, நேற்றுவரைக்கும் நல்லாத்தானே ஓடினது?" என்றான் கணநாதன்.

"சைலன்சர் மாத்தினனான் தம்பி. பழசு உக்கி ஓட்டையாப் போச்சு."

"வேறை ஒண்டிலையும் கை வைக்கேல்லையே?"

"அந்தோனியார் அறிய, இல்லை!"

அந்தோனியாருக்கு உண்மை தெரியும். அதைக் கராச்காரனிடம் சொல்லத்தான் அன்ரனிதாசுக்கு வாய் வரவில்லை.

விஷயம் இதுதான். தவக்காலம் தொடங்கியபோது, இனிச் சீட்டைக் கையால் தொடமாட்டேன் என்று மனைவி கத்தரீனாவுக்கு முன்னால் சத்தியம் பண்ணியிருந்தார். தொட்டால், பெட்டியைக் கட்டிக்கொண்டு மடத்துவெளியில் இருக்கும் தமையன் வீட்டுக்கே போய்விடுவதாக அவளும் சொல்லியிருந்தாள். கத்தரீனா சொன்னால் செய்கிறவள். அவள் இல்லாத வீட்டில் ஒரு நாள்கூடத் தன்னால் இருக்க முடியாது என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் கை அரித்தது. புளியங்கூடலில் பஸ்ரியாம்பிள்ளை வீட்டு விறாந்தையில் முந்நூற்றுநாலு என்ற சீட்டாட்டத்துக்கு நாலாவது ஆள் இல்லாமல் மூன்று பேர் சோர்ந்து கிடந்தார்கள்.

இடையில் நின்றது கத்தரீனாவின் காது. அந்த ஓட்டைச் சைலன்சரின் சத்தத்தை வைத்தே, குசினியில் மீன் வெட்டிக்கொண்டு புருஷன் ஊரில் எங்கே நிற்கிறார் என்று சொல்லிவிடுவாள். "சந்தியிலை புளியங்கூடல் பக்கம் திரும்பினீங்கள், என்ன?" என்று அவள் கேட்டால், பொய் சொல்ல எந்தப் புருஷனுக்கும் ஏலாது.

ஆகவேதான் புதுச் சைலன்சர். அதுவும் போதாது என்று, அதன் வயிற்றுக்குள் கயிறு திரிக்கும் பனந்தும்பை இடித்து இடித்து நிரப்பியிருந்தார். இப்போது சத்தம் இல்லை. ஓட்டமும் இல்லை.

கணநாதன் பிளக்கைக் கழற்றினான். அடுப்புக்கரிபோல் இருந்தது.

"பெற்றோல் கூடுது அண்ணை. சைலன்சர் மாத்தினால் காத்தும் பெற்றோலும் ஒத்துப்போகாது. குறைச்சு விடுறன்."

குறைத்தான். எஞ்சின் முனகியது. இன்னும் குறைத்தான். முனகலும் நின்றது. காபரேற்றரைக் கழற்றிக் கழுவினான். காற்று வடிகட்டியைக் கழற்றி அப்பால் வைத்தான். பெற்றோலை மேலும் குறைத்தான். எந்த மருந்துக்கும் கேட்காத நோயாளிபோல் அது கிடந்தது. நோயாளி தின்றது என்னவென்று தெரிந்த ஒரே ஆள் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"கடைசியா ஒருக்கா முறுக்கிப் பாப்பம்," என்று கணநாதன் பல்லைக் கடித்துக்கொண்டு உதைத்து முறுக்கினான்.

'டமார்!'

சைலன்சரிலிருந்து புகையும் தும்புப் பந்து ஒன்று பறந்து போய், வாசலில் மேய்ந்த கோழியின் முதுகில் இறங்கியது. கோழி தெருவைத் தாண்டி ஓடியது.

கணநாதன் தும்பைப் பார்த்தான். பிறகு அன்ரனிதாசைப் பார்த்தான்.

"அந்தோனியாரே வைச்சவர்?"

"தம்பி, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும்."

"சொல்லமாட்டன். ஆனா இனி எல்லாத்தையும் முதலிலையிருந்து செய்யவேணும். விட்டிட்டுப் போங்கோ, நாளைக்கு வாங்கோ."

நாளை வரை பொறுக்கிற கையா அது? இப்போது வண்டி ஓடியது, அது போதும் என்று ஏறிவிட்டார். ஆனால் குறைத்த பெற்றோல் குறைத்தபடியே இருந்தது, அடைப்போ போய்விட்டது. முறுக்கைத் தளர்த்தும் போதெல்லாம் சைலன்சர் வேட்டு வைத்தது.

சண்டை நின்று சமாதானம் வந்து ஒரு வருடம் கடந்துவிட்டதுதான். ஆனால் அந்தச் செய்தி இன்னும் ஊராரின் முதுகெலும்புக்குப் போய்ச் சேரவில்லை. பஸ்ரியாம்பிள்ளை வீட்டு வாசலில் அவர் முறுக்கைத் தளர்த்திய கணத்தில், விறாந்தையில் இருந்த மூவரும் குப்புறப் படுத்துவிட்டார்கள். சீட்டுக்கட்டு காற்றில் பறந்து, பாதி கிணற்றுக்குள் போயிற்று.

தலையை மட்டும் தூக்கிப் பார்த்த பஸ்ரியாம்பிள்ளை, வந்தது யாரென்று கண்டதும் முழுதாக எழும்பினார்.

"இந்தப் பீரங்கியோடை இனி இஞ்சாலை வந்தீர் எண்டால் காலை முறிப்பன்!"

சீட்டும் போயிற்று, சிநேகிதமும் போயிற்று. திரும்பும் வழியில்தான் அன்ரனிதாசுக்குக் கத்தரீனாவின் காது நினைவுக்கு வந்தது. புளியங்கூடல் பக்கமிருந்து இந்த வேட்டுச் சத்தம் கேட்டால் கத்தரீனா இன்றைக்கே பெட்டி கட்டிவிடுவாள். சந்திக்கு நெடுந்தூரம் இருக்கும்போதே எஞ்சினை நிறுத்திவிட்டுத் தள்ளினார்.

தள்ளத் தள்ள மனம் இளகியது. எத்தனை பொய், எத்தனை பாடு! எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு அவள் காலில் விழுந்துவிடுவது என்று முடிவு கட்டினார். படலையை ஓசைப்படாமல் திறந்து, வண்டியை வேலியில் சாய்த்துவிட்டுக் குசினி வாசலுக்குப் போனார்.

உள்ளே பாயில் நான்கு பெண்கள் வட்டமாக இருந்தார்கள். கத்தரீனாவின் கையில் விசிறிபோல் விரிந்த சீட்டுகள். வாசலுக்கு முதுகு காட்டியிருந்த பக்கத்து வீட்டுச் செபஸ்தியம்மா, வெற்றிலையை மென்றபடி சொல்லிக்கொண்டிருந்தாள்:

"உன்ரை மனுசன் வந்தால் சந்தியிலையே சத்தம் கேக்குமடி கத்தரீனா, நீ பயப்பிடாமல் துரும்புச் சீட்டை இறக்கு!"