கொக்கிக்கு வந்த திருஷ்டி

வாய் கொடுத்து மாட்டிக்கொள்கிறவர்களில் இரண்டு வகை உண்டு. தெரியாத விஷயத்தில் வாய் கொடுப்பவர்கள் முதல் வகை. அவர்களை மன்னித்துவிடலாம். தெரிந்த விஷயத்தில், அதுவும் மாதாமாதம் சம்பளம் வாங்குகிற தொழிலிலேயே வாய் கொடுத்து மாட்டிக்கொள்பவர்கள் அடுத்த வகை. அவர்களுக்கென்று ஒரு சங்கம் வைத்தால் நான்தான் ஆயுட்காலத் தலைவர்.

கூலிமில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் எனக்கு வேலை. பாரம் தூக்கும் இயந்திரங்களோடுதான் குடித்தனம். அப்போது புவனாவைக் காதலித்துக்கொண்டிருந்தேன். அவள் அப்பா மாணிக்கம், பீடோங்கை ஒட்டிய எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோவிலின் தலைவர். விஷயம் அவர் காதுக்கு எட்டியபோது அவர் கோபப்படக்கூட இல்லை. கோவிலுக்கு வந்திருந்த புது வெண்கல மணியை எப்படி மணிக்கூண்டில் ஏற்றுவது என்ற கவலை அவருக்கு.

“மொதல்ல மணி மேல ஏறட்டும் தம்பி. அப்பறம் ஒங்க கதையப் பேசலாம்.”

அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். தோட்டத்து ஆண்கள் நாலு பேர் சேர்ந்தால் கைச்சங்கிலியால் இழுத்தே ஏற்றிவிடுவார்கள். எனக்கோ மாப்பிள்ளை ஆகிற அவசரம். ரிமோட்டில் இயங்குகிற மின்சாரக் கொக்கியைக் கொண்டுவருகிறேன், யாரும் வேர்வை சிந்த வேண்டாம் என்று ஆரம்பித்து, “ஒத்த வெரல்ல ஏத்திக் காட்டறேன் லா அங்கள்,” என்று முடித்தேன். (கேட்டுக்கிட்டு நின்ன புவனா தலையில கை வச்சுக்கிட்டா. அப்பவே புரிஞ்சிருக்கணும்.)

வாடகைக்கு எடுத்த கொக்கியை முதல் நாளே கூண்டின் உத்தரத்தில் பொருத்தி, ஏற்றி இறக்கிப் பார்த்து, உச்சியிலேயே நிறுத்திவைத்தேன். மறுநாள் வெள்ளிக்கிழமை. கெடா மாநிலத்தில் வார லீவு நாள் என்பதால் தோட்டமே கோவிலில் கூடியிருந்தது. பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் மணி ஏறியாக வேண்டும். தலைவர் உற்சாக மிகுதியில் வேலை முடியும் முன்பே என் தோளில் பொன்னாடையைப் போட்டுவிட்டார். குருக்கள் சந்தனத் தட்டை நீட்டி, மிஷினுக்குப் பொட்டு வைக்கச் சொன்னார். மிஷின் உச்சியில் இருந்தது, ரிமோட் என் கையில் இருந்தது. ரிமோட்டின் முகத்தில் நெற்றி போலத் தெரிந்த இடமாகப் பார்த்து, கட்டைவிரலால் சந்தனமும் அதன்மேல் குங்குமமும் பக்தியோடு வைத்தேன்.

தேங்காய் உடைந்தது. மேளம் உச்சத்துக்குப் போனது. எல்லாரும் அண்ணாந்து பார்க்க, இறங்கும் பொத்தானை அழுத்தினேன். கொக்கி அசையவில்லை. மேளக்காரர்களும் பாவம், எவ்வளவு நேரம்தான் உச்சத்திலேயே இருப்பார்கள்.

பேட்டரிதான் என்று முடிவு கட்டினேன். கோவில் செயலாளர் பேசிக்கொண்டிருந்த கம்பியில்லா மைக்கைக் கேட்டு வாங்கி, அதிலிருந்த பேட்டரியை உருவினேன். கோவில் வரலாற்றை ஆதியிலிருந்து தொடங்கியிருந்த அவர் பேச்சு பாதியில் நின்றது. (அன்னைக்கு நான் செஞ்ச ஒரே உருப்படியான காரியம்.) கொக்கி அசையவில்லை. மின்சாரத்தை நிறுத்திப் போட்டுப் பார்த்தேன். பந்தலில் இருந்த காற்றாடிகள் நின்று, சுற்றி, மறுபடி நின்றன. கொக்கி மட்டும் அப்படியே இருந்தது.

“ரோசாக் ஆயிருச்சா தம்பி, கெட்டுப்போச்சா?” என்றார் தலைவர்.

“இல்ல அங்கள், சிக்னல் இடிக்குது,” என்று சொல்லி, எல்லாருடைய கைப்பேசிகளையும் அணைக்க வைத்தேன். எதை எது இடிக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானே தேடித்தான் சொல்லியிருக்க வேண்டும்.

கடைசியில் நோயைக் கண்டுபிடித்தவர் புவனாவின் அத்தை. இது திருஷ்டி என்றார். எலுமிச்சம்பழத்தை ரிமோட்டுக்கு மூன்று சுற்றுச் சுற்றி நசுக்கிவிட்டு, முதலில் வைத்த பொட்டு போதாது, அதன் மேலேயே இன்னொன்றை நல்லா அழுத்தி வை என்றார். படித்தவன், தொழில் தெரிந்தவன், நான் வைத்தேன். நல்லா அழுத்தியே வைத்தேன்.

அதற்குள் தலைவர் கண்காட்ட, இரண்டு பேர் அவருடைய காரின் பின்பக்கத்திலிருந்து கைச்சங்கிலியை எடுத்து வந்தார்கள். அப்படியானால் அவர் என்னை நம்பியே வரவில்லை. மணி மட்டுமா, என் கல்யாணமும் அந்தச் சங்கிலியில் வேறு யார் கையோடோ போகப்போகிறது என்று பயந்துபோனேன். ரிமோட்டைப் புவனாவிடம் கொடுத்து, நான் சொன்னதும் இறங்கும் பொத்தானை அமுக்கு என்று சொல்லிவிட்டு ஏணியில் ஏறினேன்.

புவனாவுக்குப் பிசுபிசுப்பு ஆகாது. நான் மேலே மோட்டாரைத் தட்டிக்கொண்டிருந்தபோது, அவள் கைக்குட்டையால் அந்தச் சந்தனச் சேற்றை ஒரு திருகு திருகித் துடைத்தாள். ‘டக்’.

ஏணி உச்சியிலும் அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. வேலையிடத்தில் தினமும் கேட்கிற சத்தம். இப்படிப்பட்ட ரிமோட்டில் உருண்டையாக ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். ஆபத்து என்றால் அதை அமுக்க வேண்டும், எல்லாம் நின்றுவிடும். அதைத் திருகி விடுவிக்கும் வரை எந்தப் பொத்தானும் வேலை செய்யாது. கொக்கி அசையாவிட்டால் முதலில் அதைப் பார் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குப் பாடம் எடுப்பவனே நான்தான். அந்தப் பொத்தானைத்தான் நெற்றி என்று நினைத்து அமுக்கியிருக்கிறேன், இரண்டு முறை.

நான் வாயைத் திறக்கும் முன் அவள் அமுக்கிவிட்டாள். கொக்கி என் தோளிலிருந்த பொன்னாடையை நாசூக்காக உருவிக்கொண்டு, அவசரமே இல்லாமல் இறங்கி, மணிக்குப் பக்கத்தில் போய் நின்றது. இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. குருக்கள் பொன்னாடையை எடுத்து மணிக்குப் போர்த்தினார். ராகு காலத்துக்கு முன்பே மணி ஏறியது. ஏற்றியது ஒற்றை விரல்தான், ஆனால் அது புவனாவின் விரல்.

நான் இறங்கி வந்ததும் தலைவர் என்னைத் தனியாக அழைத்தார். அவர் கையில் ரிமோட் இருந்தது, சிவப்புப் பொத்தானின் ஓரத்தில் இன்னும் சந்தனம் ஒட்டியிருந்தது. அவர் லாரிப் பட்டறை வைத்திருப்பவர், சிவப்புப் பொத்தான் எதற்கென்று அவருக்கும் தெரியும். பேட்டரியைச் சொல்லலாம், சிக்னலைச் சொல்லலாம் என்று மனம் அலைந்தது.

“இங்க பொட்டு வச்சது யாரு?”

“நாந்தான் அங்கள்.”

“ரெண்டாவது?”

“அதுவும் நாந்தான்.”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. போச்சு, கோபத்தில் நடுங்குகிறார் என்றுதான் நினைத்தேன். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். “வீட்டுல பெரியவங்கள வரச் சொல்லுங்க,” என்றார்.

சுங்கை பட்டாணியில் கல்யாணம். தாலி கட்டி முடித்து, குங்குமத்தை எடுத்துப் புவனாவின் நெற்றிக்குக் கொண்டுபோனேன். மாமனார் மைக்கைக் கேட்டு வாங்கினார்.

“மாப்பிள்ள, மெதுவா. அமுக்கிறாதீங்க. எம்பொண்ணு நின்னு போயிருவா.”

மண்டபம் சிரித்து ஓய்வதற்குள் முகூர்த்தமே முடிந்திருக்கும். இன்றைக்கும் ஆயுத பூஜை அன்று எங்கள் வீட்டில் சந்தனத் தட்டை என் பக்கம் நீட்டமாட்டார்கள். தேங்காய் உடைப்பதோடு என் பங்கு சரி. புவனா என்மேல் கோபத்தில் பேசாமல் இருக்கும் நாட்களில் எங்கள் மகள் வருவாள். “அப்பா, மறுபடியும் அமுக்கிட்டீங்களா?” என்று கேட்டுவிட்டு, அம்மாவின் நெற்றிப் பொட்டில் ஒரு விரலை வைத்து மெல்லத் திருகுவாள். பெரும்பாலும் வேலை செய்துவிடும்.