அவசரம் என்று பேர் வைத்த டப்பா

1987ஆம் வருஷம் விழுப்புரத்தில் ஒரு குடிநீர் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வரப்போவதாக உத்தரவு வந்தது. அதை முறைப்படி எதிர்கொள்ளும் பொருட்டு, சூப்பிரண்டு அரங்கநாதனும் டைப்பிஸ்ட் ஜெயமும் திண்டிவனத்தில் நடந்த பயிற்சி வகுப்புக்கு அனுப்பப்பட்டார்கள்.

ஜெயம் பணிவானவர். ஒவ்வொரு கட்டளைக்கு முன்னாலும் ‘ப்ளீஸ்’ என்று அடித்தார். மெஷின் தப்பு என்றது. “காலையில இருந்தே அதுக்கு மூடு சரியில்லை” என்றார்.

அரங்கநாதனோ, ‘எண் என்பது எண் கூட்டல் ஒன்று’ என்ற வரியைப் பார்த்ததுமே பேனாவை மூடினார். “இதுல கையெழுத்துப் போட்டா ஆடிட்டுல மாட்டிப்போம்.”

ஆனாலும் ஒரு புரோகிராம் எழுதினார். ஊர்ப் பேரும், அந்த ஊர்ப் பெண்கள் தண்ணீருக்கு நடக்கும் தூரமும் உள்ளே போகும். ரொம்பத் தூரம் நடக்கிற ஊர் வெளியே வரும். அந்த ஊரை வைக்க ‘அவசரம்’ என்று ஒரு டப்பா.

வகுப்பு எடுத்த மாஸ்டர் தேவநாதன் படித்துப் பார்த்தார். “சார், ஒரு ஊரை இன்னொரு ஊரோட ஒப்பிட்டுப் பாக்கவே சொல்லலையே?”

“அதான் அவசரம்னு பேரு வச்சிருக்கேனே.”

“பேரு அதுக்குப் புரியாது சார். கடைசியா எதைப் போட்டீங்களோ அதுதான் டப்பாவுல நிக்கும்.”

“டெஸ்பாட்ச் கிளார்க்குன்னு பேரு வச்சா, அவன் டெஸ்பாட்ச் பண்றான் இல்ல?”

“பண்றானா சார்?” என்றார் ஜெயம்.

அதற்குள் டீ வந்துவிட்டது. பின்னாலேயே சான்றிதழும் வந்துவிட்டது.

கம்ப்யூட்டர் ஏசி அறையில் குடியேறியது. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போகலாம். அந்தக் கோடையில் ஒரே ஒரு அடிபம்பு மஞ்சூரானது. கோலியனூர்ப் பக்கத்திலிருந்து குப்பம்மாள் வந்தார்.

“எங்க பொம்பளைங்க ஏரியைச் சுத்திக்கினு போய்த் தண்ணி கொண்டாறாங்க. ஜல்தியா பாருங்க சார்.”

“நான் யாரும்மா பாக்கறதுக்கு? அது பாத்துக்கும்.”

அரங்கநாதன் எல்லா ஊரையும் ஏற்றினார். மெஷின் விழித்திருக்கிறதா என்று சோதிக்க, கடைசியாகத் தம் அலுவலகத்தின் பேரையும் அடித்தார். தூரம் பூஜ்யம். திரையில் அலுவலகத்தின் பேர் வந்தது.

“நமக்கே தெரியாத நம்ம தாகம் அதுக்குத் தெரிஞ்சிருக்கு!” அரங்கநாதன் திரையைப் பார்த்துக் கும்பிட்டார். அடிபம்பு அலுவலக வாசலில் இறங்கியது.

“இன்னா சார் பேஜாரு இது! எங்க ஊரு பேரு எங்க போச்சு?” என்று குப்பம்மாள் சண்டைக்கு வந்தார். ஜெயத்துக்கு மனசு கேட்கவில்லை. பேர்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்.

“சார், கடைசியா போடற பேருதான் எப்பவும் வருது.”

அரங்கநாதன் நெடுநேரம் யோசித்தார். புரோகிராமைத் திருத்தலாம் என்று மட்டும் தோன்றவில்லை. “அப்போ அதுதான் அதோட கொள்கை. கம்ப்யூட்டர் கொள்கைக்கு நாமதான் ஒத்துப்போகணும்” என்றார். மறுநாளே சுற்றறிக்கை போனது: ‘இனி கடைசியாக வரும் மனுவுக்கே முதலிடம் அளிக்கப்படும்.’

அடுத்த பம்பு மஞ்சூரானதும் மனு வாங்கும் நாள் வந்தது. எல்லா ஊரும் கவுண்ட்டர் முன்னால் கூடியது.

“நீங்க முன்ன போங்கண்ணே” என்றார் குப்பம்மாள்.

“பொம்பளை நின்னுக்கினு இருக்கறப்போ நான் போறதா? நீ போம்மா” என்றார் பனமலையிலிருந்து வந்த நடராசன்.

இப்படி ஒரு மரியாதையை அந்த அலுவலகம் அதுவரை கண்டதில்லை. வெயில் ஏறி இறங்கியது. அஞ்சு மணிக்குக் கவுண்ட்டரை மூடினார்கள்.

‘மனு ஏதும் வரப்பெறவில்லை. ஆகவே இப்பகுதியில் குடிநீர்ப் பற்றாக்குறை அறவே இல்லை எனப் பணிவுடன் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது’ என்று அரங்கநாதன் மேலிடத்துக்கு எழுதினார்.

வேறு எவனும் தனக்குப் பின்னால் மனுக் கொடுத்துவிடவில்லை என்ற நிம்மதியோடு எல்லா ஊர்க்காரர்களும் பஸ் ஏறினார்கள்.