விண்கலத்துப் பெண்ணுக்கு இருபத்தோரு தட்டுச் சீர்

செராமிக் தொழிற்பேட்டை,
விருத்தாசலம்.
புதன்கிழமை காலை.

மதிப்பிற்குரிய பதிப்பாசிரியர் பிரபா மேடம் அவர்களுக்கு,

தங்கள் எழுத்தாளர் பழமலை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும், என் மனைவி திரௌபதியும், நான் மேற்பார்வை பார்க்கும் சூளையும் நலம். அவ்விடம் தங்கள் நலம், அச்சகத்தார் நலம், சென்ற மாதம் என் மேல் தங்களுக்கு இருந்த கோபத்தின் நலம் ஆகியவற்றை அறிய ஆவல். கோபம் இளைத்திருந்தால் மகிழ்ச்சி. இல்லையென்றாலும் இந்தக் கடிதத்தைப் படித்து முடிப்பதற்குள் இளைத்துவிடும், அதற்கு நான் பொறுப்பு.

மேடம், கூட்டம் நடந்துவிட்டது! ஐம்பது பேர் கேட்டீர்கள், முந்நூறுக்கு மேல் வந்தார்கள். நாற்காலி போதாமல் பக்கத்து மண்டபத்தில் கடன் வாங்கினோம். மேளம் வந்தது. ஒரு டிராக்டர் வந்தது. தாங்கள் போனில் சொன்னது எனக்கு வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது. "சார், செம்மண் கோள் வரிசையில ரெண்டு பாகம் போட்டாச்சு, ரெண்டும் குடோன்ல தூங்குது. எழுத்தாளர்தான் சார் இப்பல்லாம் விளம்பரம் பண்ணணும். உங்க ஊர்லயே ஒரு கூட்டம் போட்டு அம்பது பேரைக் காட்டுங்க. இல்லன்னா மூணாம் பாகம் கிடையாது" என்றீர்கள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் பதினான்கு வயதுத் தென்றல், இரண்டு கோள்களுக்கு நடுவே, ஓடு பெயர்ந்த விண்கலத்தில் தன்னந்தனியாக மிதக்கிறாள். இரண்டு மணி நேரத்துக்குத்தான் காற்று. ரேடியோ செத்துவிட்டது. மூன்றாம் பாகம் வராவிட்டால் அந்தப் பெண் காலமெல்லாம் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். பெற்ற மனம் எப்படிப் பொறுக்கும் மேடம்?

விளம்பரத்துக்கு நான் பட்ட பாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன், சுருக்கம் எனக்கு வராது என்பது தங்களுக்குத் தெரியும். முதலில் எங்கள் யூனிட்டில் பீங்கான் ஃபியூஸ் வேகும் சூளையில் ஓரமாக இடம் பிடித்து, இருநூறு சின்ன ராக்கெட் சுட்டு எடுத்தேன். அடியில் புகை போக மூன்று ஓட்டை. புத்தகம் வாங்கினால் ராக்கெட் இலவசம் என்று சொல்லிப் பார்த்தேன், பிறகு புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாலே இலவசம் என்று இறங்கி வந்தேன், கடைசியில் வாங்கிக்கொண்டு போனால் போதும் என்றாகிவிட்டது. இப்போது எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பூஜை அறையில் ராக்கெட் தலைகீழாக நிற்கிறது, மூன்று ஓட்டையிலும் ஊதுபத்தி. அடுத்து திட்டக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் பேசக் கூப்பிட்டார்கள். அறிவியல் புனைகதை என்றால் என்ன என்று ஒன்பது பக்கம் தயாரித்துக்கொண்டு போனேன். பேச்சுப் போட்டிக்கு நடுவர் வரவில்லை என்று என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். மரம் வளர்ப்பதைப் பற்றி நாற்பத்து மூன்று பிள்ளைகள் பேசியதைக் கேட்டு, மதிப்பெண் போட்டு, ஒரு சால்வையோடு பஸ் ஏறினேன்.

ஆகவேதான் பேனர் வைப்பது என்று முடிவு செய்தேன். எங்கள் ஊரில் எது நடந்தாலும் பேனரில்தான் தெரியும், பேனர் இல்லாத காரியம் நடந்ததாகவே கணக்கில்லை. ஃப்ளெக்ஸ் கடை கலியமூர்த்தியிடம் போய், தங்கள் ஓவியர் வரைந்த அட்டைப்படத்தையும், நான் எழுதிய இருபது வரி அறிமுகத்தையும் கொடுத்தேன். அவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவ்ளோ எழுத்து இருந்தா யாரு சார் வண்டிய நிறுத்திப் படிப்பாங்க? மூஞ்சி பெருசா இருக்கணும், பேரு பெருசா இருக்கணும், தேதி, மண்டபம், அவ்ளோதான். மீதிய என்கிட்ட வுட்டுடுங்க" என்றார். விட்டுவிட்டேன். அங்கேதான் தப்பு. அன்றைக்குச் சூளை ஏற்றும் நாள். ஏற்றிவிட்டால் இரண்டு நாளைக்கு நான் பக்கத்திலேயே நிற்க வேண்டும், சூடு கொஞ்சம் தாறுமாறானாலும் மெருகு வழிந்து சரக்கு மொத்தமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வெளியே என்ன பேனர் தொங்குகிறது என்று பார்க்க எனக்கு ஏது நேரம்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, புது வேட்டி கட்டி, வண்டியில் பாலக்கரை பக்கம் வந்தவன் பிரேக் போட்டு நின்றுவிட்டேன். பதினாறு அடி உயரத்தில் தென்றல் சிரிக்கிறாள். தலையில் ஹெல்மெட் இல்லை. நெற்றிச்சுட்டி இருக்கிறது, மல்லிகைச் சரம் இருக்கிறது, விண்வெளி உடுப்புக்கு ஜரிகைக் கரை வந்திருக்கிறது. இரண்டு பக்கமும் மயில். கீழே "அன்புச் செல்வி தென்றல்", தேதி, மண்டபம், "அனைவரும் வருக, வரவேற்பது பழமலை – திரௌபதி". அதற்கும் கீழே கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு பதினெட்டு இளைஞர்கள். அவர்கள் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. கலியமூர்த்திக்குப் போன் போட்டுக் கத்தினேன். "ஹெல்மெட்ல புள்ளைக்கு மூஞ்சியே தெரியல சார். ஏ.ஐ.ல போட்டு எடுத்துட்டேன். இப்ப எப்பிடி லட்சணமா இருக்குது பாருங்க! பசங்க படம் எல்லா பேனர்லயும் இருக்கறதுதான், சும்மா வச்சேன்" என்றார், பாராட்டை எதிர்பார்த்து.

பதினான்கு வயதுப் பெண், நெற்றிச்சுட்டி, மயில், மண்டபம். மஞ்சள் நீராட்டு விழா என்று ஊர் முடிவு செய்ததில் ஊரின் தப்பு என்ன இருக்கிறது மேடம்? எங்களுக்கு ஒரே மகன், அவனும் ஓசூரில் வேலையில் இருக்கிறான், பெண் குழந்தையே கிடையாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் யார் வீட்டுப் பெண்ணாக இருந்தால் என்ன, பேனரில் பழமலை பெயர் இருக்கிறது, அவர் நம் வீட்டு விசேஷத்துக்கு வந்தவர், போகாவிட்டால் நாளைக்கு முகத்தில் விழிக்க முடியாது என்று கிளம்பிவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது மண்டபம் நிறைந்திருந்தது. மண்டபத்துக்காரர் வழக்கம்போல மேடையில் சிவப்பு வெல்வெட் நாற்காலி போட்டு, பின்னால் பூ அலங்காரம் வைத்திருந்தார். திரௌபதி ஐம்பது பேருக்குக் கிண்டிய கேசரியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் அழாத குறையாக நின்றாள்.

நான் என்ன செய்வேன்? மைக்கைப் பிடித்தேன். முந்நூறு பேரைப் பார்த்ததும் எனக்கு வேறு எதுவுமே தோன்றவில்லை மேடம், பேச ஆரம்பித்துவிட்டேன். செம்மண் கோளைச் சொன்னேன், அங்கே விண்கலங்களுக்கு வெப்பம் தாங்கும் ஓடுகளை எங்கள் சூளையைப் போன்ற சூளையில்தான் சுடுகிறார்கள் என்று சொன்னேன், ஓடு பெயர்ந்ததைச் சொன்னேன், தென்றல் இப்போது தனியாக மிதக்கிறாள், மூச்சுக்காற்று தீர்ந்துகொண்டிருக்கிறது என்று தழுதழுத்துச் சொன்னேன். முன்வரிசையில் அம்சவல்லி என்று எங்கள் யூனிட்டில் பொம்மைக்கு வர்ணம் தீட்டும் அம்மா, எழுந்து நின்றே விட்டார். "ஏங்க, பொம்பளப் புள்ளைய அங்க வுட்டுட்டு இங்க மைக்கைப் புடிச்சிக்கிட்டு நிக்கிறீங்களே, நல்லா இருக்குதா?" என்று கேட்டார். கைதட்டல் வேறு.

சரியாக அந்த நேரத்தில் வாசலில் மேளம். பெண்ணாடத்திலிருந்து என் மச்சான், திரௌபதியின் அண்ணன் தமிழ்மணி, கரும்பு ஏற்றும் டிராக்டருக்கு வாழை மரம் கட்டி, உறவுக்காரர்களை ஏற்றிக்கொண்டு வந்து இறங்குகிறார். இருபத்தோரு தட்டு. பட்டுப்பாவாடை, வளையல், பழம், பலகாரம், ஒரு டேபிள் ஃபேன். முகத்தில் மட்டும் சிரிப்பில்லை. யாரோ பேனர் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். நாங்கள் ஏதோ ஒரு பெண்ணைத் தத்தெடுத்து வளர்த்து, தாய்மாமனுக்கே சொல்லாமல் சடங்கு வைக்கிறோம் என்று நினைத்து மனிதர் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே? "சொல்லாம செய்யறவங்க வூட்டுக்கு நானா போன் பண்ணுவேன்? ஆனா தாய்மாமன் சீர் இல்லாம என் தங்கச்சி சபையில நிக்கக் கூடாது. வச்சிட்டுப் போயிட்டே இருப்பேன்" என்றார், என்னைப் பார்க்காமல் தூணைப் பார்த்து.

மேடம், அந்தச் சபையில் நான் உண்மையைச் சொன்னேன். தென்றல் என்று யாரும் இல்லை, நான் எழுதிய கதையில் வருகிற பெண், இது புத்தக அறிமுகக் கூட்டம் என்றேன். பொறுங்கள், இனிமேல்தான் விஷயமே. கடைசி வரிசையிலிருந்து பத்தாவது படிக்கும் பிரின்சி எழுந்தாள். அன்று அந்த மண்டபத்துக்குப் புத்தகத்துக்காகவே வந்த ஒரே ஜீவன் அவள்தான், ஞாயிறு பூசை முடிந்து நேராக மாதா கோயிலிலிருந்து வந்திருந்தாள், இரண்டு பாகத்தையும் நான்கு தடவை படித்தவள். "யாரும் இல்லன்னு சொல்லாதீங்க அங்கிள். அவ பைலட்டு. அவளுக்கு எதுக்கு பட்டுப்பாவாடையும் ஃபேனும்? மொதல்ல ஆக்சிஜன் அனுப்புங்க!" என்று மூக்கு சிவக்கக் கத்தினாள். மச்சான் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையிலிருந்த தட்டைப் பார்த்தார். அப்புறம் மெதுவாக, "எனக்குத்தான் ஒரு மருமவ இல்லையேன்னு இத்தன வருஷம் ஏக்கமா இருந்துச்சு. எழுதினது நீ, கூட இருந்து சோறாக்கிப் போட்டது என் தங்கச்சி. அப்ப அவ என் மருமவதான். தட்டை உள்ள எடுத்துட்டு வாங்கடா" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. திரௌபதி கேசரிப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அண்ணன் தோளில் சாய்ந்து அழுதாள்.

அப்புறம் கேட்க வேண்டுமா? வெல்வெட் நாற்காலியில் இரண்டு பாகத்தையும் நிமிர்த்தி வைத்து, அட்டைக்குச் சந்தனம் தடவி, பெண்கள் வரிசையாக வந்து ஆலத்தி சுற்றினார்கள். மொய் எழுத வந்தவர்களிடம் அதற்குப் பதிலாகப் புத்தகம் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். தாம்பூலப் பையில் தேங்காய், வெற்றிலை, புத்தகம் என்று போட்டுக் கொடுத்ததில் தாங்கள் அனுப்பிய பன்னிரண்டு பெட்டியும் மதியத்துக்குள் காலி. வாங்கினார்களே, படித்தார்களா என்று கேட்பீர்கள். படித்தார்கள் மேடம்! மச்சான் மனைவி பாஞ்சாலை, பெண்ணாடம் சர்க்கரை ஆலை வாசலில் கரும்பு டிராக்டர்கள் வரிசையில் நிற்கிறபோது, வண்டியில் உட்கார்ந்து சத்தமாகப் படித்திருக்கிறார். திங்கள்கிழமை முதல் பாகம், செவ்வாய்க்கிழமை இரண்டாம் பாகம். முன்னால் வரிசை நகர்ந்தது தெரியாமல் பதினோரு டிரைவர்கள் கேட்டுக்கொண்டு நின்றார்களாம். திட்டக்குடிக்குப் பக்கத்து மங்களூரிலிருந்து ஒரு விவசாயி போன் செய்து, காற்று தீர்வதற்குள் யாராவது போய்விடுவார்களா என்று கேட்டார். பிரின்சியின் வகுப்பில் தென்றலை மீட்கப் போவது யார் என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுகிறார்கள். இதைவிட ஓர் எழுத்தாளனுக்கு என்ன வேண்டும்?

ஆகவே மேடம், தங்களிடம் நான்கு மாதமாக இருக்கும் மூன்றாம் பாகத்தை உடனே அச்சுக்கு அனுப்பக் கோருகிறேன். இன்றைக்கே அனுப்புங்கள், பிழைதிருத்தம் பார்க்கவும் வேண்டாம், ஒரு கமாகூட மாற்ற வேண்டாம். அட்டையில் மட்டும் ஹெல்மெட் இருக்கட்டும், பிரின்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

தங்களுக்கும், தங்கள் இல்லத்தாருக்கும், குடோனில் பெட்டி தூக்கும் அண்ணன்மார்களுக்கும் எங்கள் ஊர்ச் சாமி பழமலைநாதர் சகல நலமும் அருளட்டும். திரௌபதி தங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். சீர்ப் பலகாரத்தில் ஒரு டப்பா தனியாக எடுத்து வைத்திருக்கிறாள், பார்சலில் வரும்.

என்றும் தங்கள் அன்பும் பொறுமையும் நாடும்,
பழமலை

பி.கு.: இதை உறையில் போட்டு ஒட்டுவதற்குள் மச்சான் வந்துவிட்டார். காபி கொடுத்தோம். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "மாப்ள, டிரைவருங்க எல்லாரும் கேக்கறாங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லு, புள்ள வூடு வந்து சேருதா இல்லியா?" என்றார். மேடம், தாங்கள் படித்திருக்கிறீர்கள். விண்கலத்திலிருந்து அவளைக் காப்பாற்றிவிட்டு, கடைசி அத்தியாயத்தில் கோளையே காப்பாற்ற அவளை நெருப்புக்குள் அனுப்புகிறேன், அவள் திரும்புவதில்லை. "அற்புதமான முடிவு சார், அழுதுட்டேன்" என்று தாங்கள்கூடச் சொன்னீர்கள். அந்தப் பெருமையில் மச்சானிடமும் சொல்லிவிட்டேன். அவர் காபியைக் குடிக்காமல் கீழே வைத்தார். "சீர் வாங்கறதுக்கு மாமன் வேணும், புள்ளைய சாகடிக்கறதுக்கு ஒரு வார்த்த கேக்க வேணாமா?" என்றார். என் மேஜையிலிருந்தே ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு, எழுதிக் கட்டிய புகாரைச் சாமியே விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் கொளஞ்சியப்பர் கோயிலில் என் பேரில் பிராது கட்டப் போயிருக்கிறார். சாட்சிக் கையெழுத்துப் போடத் திரௌபதியும் கூடப் போய்விட்டாள். ஆகையால் மேலே கேட்டதை எல்லாம் தயவுசெய்து மறந்துவிடுங்கள். மூன்றாம் பாகத்தை அச்சுக்கு அனுப்பாமல் எனக்கே திருப்பி அனுப்புங்கள். பெண்ணை வீட்டுக்கு அழைத்து வர வேண்டும்.