புளியங்கூடலுக்கு வந்த ஜேர்மன் பதக்கம்

ஒரு விஷயத்தில் கொஞ்சம் தெரிந்தவனை அவன் பாட்டில் விட்டுவிட்டால் யாருக்கும் கெடுதல் இல்லை. அவன் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்தால்தான் ஊருக்குச் சனி பிடிக்கிறது. இதை யாரையோ மனதில் வைத்துச் சொல்லவில்லை. கண்ணாடிக்கு முன்னால் நின்றுதான் சொல்கிறேன்.

எனக்குப் பதக்கம் சேர்க்கிற வியாதி இருக்கிறது. வியாதி என்பது அம்மா வைத்த பெயர். ஓடியோ பாடியோ நான் வென்றவை அல்ல (பள்ளிக்கூடத்தில் சாக்கோட்டத்தில்கூட நான்தான் கடைசி). எல்லாம் வேறு ஆட்கள் வென்றவை. மலாயாவில் வேலை பார்த்துப் பென்சனோடு திரும்பியவர்களின் பெட்டிகளில் கிடந்த போர்ப் பதக்கங்கள், பழைய இரும்பு வாங்குகிறவரின் சாக்கில் இருந்து மீட்ட ஜோர்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாப் பதக்கம், ஒல்லாந்தில் நாலு நாள் விடாமல் நடந்து முடித்தவர்களுக்குக் கொடுக்கிற சிலுவைப் பதக்கம் என்று ஒரு பிஸ்கற் ரின் நிறைய வைத்திருந்தேன். (எங்கள் வேலணைத் தீவில் 'இராணுவப் பதக்கம்' என்று சொன்னால் சனம் முதலில் படலையைச் சாத்தும். அதனால் 'வெள்ளைக்காரன்ர பதக்கம்' என்றே சொல்லிப் பழகியிருந்தேன்.)

இதில் எனக்கு உண்மையாகவே கொஞ்சம் தெரியும். பதக்கம் கையில் வந்தால் முதலில் விளிம்பைப் பார்க்க வேண்டும். பிரித்தானியர் கொடுத்த போர்ப் பதக்கங்கள் பலவற்றில் அதைப் பெற்றவரின் பெயர் விளிம்பில்தான் பொறித்திருக்கும். பிறகு நாடாவின் நிறங்களைப் பார்க்க வேண்டும். இரண்டிலும் பிடி கிடைக்காவிட்டால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். முதல் இரண்டையும் நான் நன்றாகச் செய்வேன்.

அப்போது நான் வேலணையில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞனாக இருந்தேன். எனக்கு எதிர்க் கதிரையில் வதனி இருந்தாள். அந்தக் கதிரையைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் என் கணக்குகள் எல்லாம் பிழையாய்ப் போயின. அவளுக்கும் என்னைப் பிடித்திருந்தது. பிடிக்காதவர் அவளுடைய தகப்பன் சிவபாதம் முதலாளி ஒருவர்தான். தெற்கே காலி நகரத்தில் பரம்பரையாகக் கடை வைத்திருந்து, பிறகு புளியங்கூடலுக்கே திரும்பிவிட்டவர். எங்கள் பக்கத்தில் இருந்து கலியாணப் பேச்சுக் கால் போட்டபோது அவர் சொன்ன பதில் தீவு முழுக்கப் போய், கடைசியாக எனக்கும் வந்து சேர்ந்தது.

"பொடியன் குழப்படி இல்லைத்தான். ஆனா பித்தளை பொறுக்கிறவனுக்கு என்ர பிள்ளையைக் குடுக்க ஏலாது."

அந்த மனிதர் ஒருநாள் என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு அனுப்பினார் என்றால் நான் எப்படிப் போயிருப்பேன்? பறந்துதான் போனேன்.

விஷயம் இதுதான். ஊர் வாசிகசாலைக்கு முதலாளி புது மண்டபம் கட்டிக் கொடுத்திருந்தார். அந்த வாசிகசாலையைத் தொடங்கியவர் அவருடைய அப்பப்பா. திறப்பு விழாவில் அப்பப்பாவின் படத்தையும் திறந்து வைப்பதாக ஏற்பாடு. படம் தேடி அந்த மனிதரின் பழைய தகரப் பெட்டியைத் திறந்தபோது, மூக்குக் கண்ணாடிக்கும் காலிக் கடையின் முத்திரைக்கும் நடுவில் ஒரு பதக்கம் இருந்திருக்கிறது.

"பாரும் தம்பி" என்று என் கையில் வைத்தார்.

உள்ளங்கை அகலம். தங்கமாகப் பளபளத்தது. சிவப்பும் வெள்ளையும் மினுங்கின. நடுவில் சிரித்த முகத்தோடு ஒரு மனிதன், தலையில் மூன்று முனைத் தொப்பி, ஒவ்வொரு முனையிலும் ஒரு குண்டு. அவனுக்குக் கீழே 11.11 என்று பெரிதாகப் பொறித்திருந்தது. சுற்றிவர ஜேர்மன் எழுத்துகள். நாடா சிவப்பு வெள்ளை.

விளிம்பைப் பார்த்தேன். பெயர் இல்லை.

"எவ்வளவு பெரிய ஆள் குடுத்ததாய் இருக்கும்?" என்று கேட்டார் முதலாளி. யார் கொடுத்தது என்று கேட்டிருந்தால் தப்பியிருப்பேன். எவ்வளவு பெரிய ஆள் என்று கேட்டுவிட்டார்.

குசினிக்குள் இருந்து வதனியின் தாய் எட்டிப் பார்த்தார். "உதோ? உது நான்..."

"நீர் கொஞ்சம் சும்மா இரும். நிபுணர் பாக்கிறார்" என்றார் முதலாளி.

நிபுணர்! எனக்குக் காது குளிர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு பேசியது நான் இல்லை, அந்தச் சொல்.

"முதலாளி, முதலாம் உலகப்போர் முடிஞ்சது பதினோராம் மாசம் பதினோராம் திகதி. உதிலயும் 11.11 எண்டிருக்கு. எழுத்து ஜேர்மன் எழுத்து. இது அந்தப் போரின்ர ஞாபகார்த்தப் பதக்கம். சாதாரண ஆக்களுக்குக் குடுக்கிறேல்லை."

ஜேர்மன் சக்கரவர்த்தி காலத்து நாடாவில் கறுப்பு, வெள்ளை, சிவப்பு என்று மூன்று நிறங்கள் இருக்க வேண்டும். இதில் கறுப்பைக் காணவில்லை. கறுப்பு வெளிறி வெள்ளையாகிவிட்டது என்று முடிவுசெய்தேன். (கறுப்பு வெளிறினால் என்ன நிறம் வரும் என்பது குடை வைத்திருக்கிற எவருக்கும் தெரியும்.) அந்தக் காலத்து ஜேர்மன் படைக்காரரின் தலைக்கவசத்தில் ஒரு முனை இருக்கும். இவனுக்கு மூன்று இருப்பதால் இவன் பெரிய தளபதி என்றும் சொன்னேன். முதலாளி என்னை முதன்முறையாகக் கதிரையில் இருக்கச் சொன்னார்.

அன்று இரவு கைத்தொலைபேசியில் படத்தைப் போட்டுத் தேடிப் பார்க்காமலும் இல்லை. அது கோமாளிகளின் படங்களாகக் கொட்டியது. தீவுக்கு வருகிற பாலத்துக்கு இந்தப் பக்கம் நெற்வேர்க் எப்போதுமே இப்படித்தான் என்று மூடி வைத்துவிட்டேன்.

மறுநாள் வதனி கணக்குப் புத்தகத்தில் இருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள். "தெரியாட்டித் தெரியாதெண்டு சொல்லுங்கோ. இப்பவும் நேரம் இருக்கு."

"உமக்குப் பதக்கத்தைப் பற்றி என்ன தெரியும்?"

"பதக்கத்தைப் பற்றித் தெரியாது. உங்களைப் பற்றித் தெரியும்."

அவள் சொல்வதைக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திராது.

விழா அழைப்பிதழில் என் பெயருக்கு முன்னால் 'பதக்க ஆய்வாளர்' என்று போட்டிருந்தார்கள். அம்மா அந்த அழைப்பிதழைச் சாமி அறையில் வைத்தார். விழாவுக்கு வதனியின் அக்கா சுதாவும் ஜேர்மனியில் இருந்து வருவதாக இருந்தது. அவர் கொலோன் நகரத்தில் ஒரு ஜேர்மன்காரரைக் கலியாணம் முடித்தவர். பெயர் மார்க்குஸ். கொழும்பில் இருந்து வந்த வான் பிந்தியதால் இருவரும் நேரே மண்டபத்துக்குத்தான் வந்தார்கள். வந்த உடனே மார்க்குஸுக்கு யாரோ வேட்டி கட்டிவிட்டார்கள். அவர் அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் இருந்து, பேச்சுகள் தொடங்கியதும் அழகாகத் தூங்கினார்.

மேடையில் முதலாளியின் அப்பப்பா, மாலை போட்ட படத்தில் இருந்து என்னை முறைத்தார். சிரிப்பு என்பதையே கண்டறியாத முகம். படத்துக்கு முன்னால் வெற்றிலைத் தட்டத்தில், சிவப்பு வெல்வெற் துணிக்கு மேல் பதக்கம்.

நான் ஒலிவாங்கியைப் பிடித்தேன். பதக்கத்தின் அளவு, நாடா, நிறம் என்று சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்தான் ஆனது. சனத்தின் முகத்தைப் பார்த்தேன், இன்னும் வேண்டும் என்றது. முன்வரிசையில் முதலாளி, பக்கத்தில் என் வருங்காலம். விடுவேனா?

போர் முடிந்து ஊர் திரும்பும் வழியில் காலித் துறைமுகத்தில் இறங்கிய ஒரு ஜேர்மன் மாலுமியைக் கொண்டுவந்தேன். அவனுக்கு ஹான்ஸ் என்று பெயரும் வைத்தேன். ஹான்ஸ் மூன்று நாள் பட்டினி. எல்லாக் கடைக்காரரும் எதிரி நாட்டவன் என்று துரத்தினார்கள். நம் தீவில் இருந்து போன இந்தப் பெருமகன் மட்டும் அவனைக் கூப்பிட்டு, இலை போட்டு, சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் கொடுத்தார். ஹான்ஸ் அழுதான். அழுதபடியே தன் நெஞ்சில் இருந்த பதக்கத்தைக் கழற்றி அவர் கையில் வைத்தான். மண்டபத்தில் பெண்கள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்கள். நானும் கைக்குட்டையை எடுத்தேன். (ஹான்ஸை நான் அன்று காலையில் பல் விளக்கும்போதுதான் உருவாக்கினேன்.)

பின்வரிசையில் இருந்து ஓய்வுபெற்ற தபாலதிபர் கை தூக்கினார். "தம்பி, ஒரு சந்தேகம். அந்தப் போரில ஜேர்மன்காரன் தோத்தவனெல்லோ? தோத்தவன் ஏன் பதக்கம் அடிச்சவன்? அதில இருக்கிறவன் ஏன் சிரிக்கிறான்?"

எனக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. ஆனால் கையில் ஒலிவாங்கி இருக்கிறதே!

"ஐயா, தோல்வியையும் சிரித்த முகத்தோடு ஏற்றுக்கொள்வதுதான் ஜேர்மன் பண்பாடு!"

கைதட்டல் கூரை ஓட்டைப் பெயர்த்தது. அந்தச் சத்தத்தில் மார்க்குஸ் விழித்துக்கொண்டார். ஒரு படம் எடுப்போம் என்று வேட்டியைப் பிடித்தபடி மேடைக்கு வந்து, தட்டத்தில் இருந்த பதக்கத்தைக் குனிந்து பார்த்தார்.

அவருடைய முகம் மலர்ந்ததை நான் இன்றைக்கும் கனவில் காண்கிறேன். அறியாத ஊரில் சொந்தக்காரனைக் கண்டவர் போல் நிமிர்ந்தார். வேட்டியை விட்டார் (நல்லகாலம், உள்ளே காற்சட்டை இருந்தது). வலது கையைத் தூக்கி, இடது பக்க நெற்றியில் வைத்துச் சல்யூட் அடித்தார். பிறகு மண்டபம் அதிரக் கத்தினார்.

"கொலோன்... அலாஃப்!"

ஊர் திகைத்தது. முதலில் சுதாரித்தவர் விழாத் தலைவர். என் கையில் இருந்த ஒலிவாங்கியைப் பறித்தார். "ஜேர்மன் நாட்டின் முறைப்படி மருமகன் அஞ்சலி செலுத்துகின்றார். சபையோர் அனைவரும் எழுந்து நின்று அவ்வாறே செய்யும்படி பணிவன்போடு கேட்டுக்கொள்கிறோம்!"

மண்டபமே எழுந்தது. ஐயரும் எழுந்தார், பள்ளிக்கூட அதிபர்களும் எழுந்தார்கள். எல்லோரும் வலது கையை இடது நெற்றியில் வைத்து, அப்பப்பாவின் படத்தைப் பார்த்து, கண்ணீர் மல்க மூன்று தரம் "அலாஃப்! அலாஃப்! அலாஃப்!" என்றார்கள். நானும்தான். என் சத்தம்தான் பெரிது.

பெண்கள் பக்கத்தில் சுதா அக்கா மட்டும் எழும்பவில்லை. முகத்தைச் சேலைக்குள் புதைத்துக் குலுங்கினார். ஆனால் அவர் முகத்தை எடுத்தபோது அது அழுகை இல்லை. மேடைக்கு ஓடிவந்து தகப்பனிடம் சொல்ல முயன்றார், சிரிப்பில் சொல் வரவில்லை. ஒலிவாங்கி பக்கத்தில் இருந்ததால், வந்த சொற்கள் எல்லாம் ஊருக்கே கேட்டன.

"அப்பா, உது கார்னிவல் பதக்கம்! கொலோனில வருசா வருசம் கோமாளித் திருவிழா நடக்கும். பதினோராம் மாசம் பதினோராம் திகதிதான் அது தொடங்குறது. 'அலாஃப்' அந்தத் திருவிழாக் கூச்சல், அந்தச் சல்யூட் ஆமிக்காரரைப் பகிடி பண்ணுற சல்யூட்!"

அந்த நேரம் பார்த்து வதனியின் தாய் வடைத் தட்டோடு வந்தார். "இதைத்தானே நான் அண்டைக்கே சொல்ல வந்தனான்? சுதா பக்கத்து வீட்டுப் பிள்ளையளுக்கு விளையாடக் குடுக்கச் சொல்லி, சொக்கிலேற் பெட்டியோட அனுப்பினது. வடிவாய் இருக்கெண்டு நான்தான் அப்பப்பாவின்ர தகரப் பெட்டீக்குள்ள போட்டனான். என்னை ஆர் கதைக்க விட்டது?"

நெற்றியில் இருந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. நான் வதனியைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்தாள். முதலாளி திரும்பி அப்பப்பாவின் படத்துக்கு முன்னால் நின்றார். அவருடைய தோள்கள் குலுங்கின. அந்த மனிதரை ஊருக்கு முன்னால் அழவைத்துவிட்டேனே! கலியாணம் போனால் போகட்டும், பாலத்தைத் தாண்டி எங்கேயாவது ஓடிவிடுவோம் என்றுதான் அந்தக் கணம் நினைத்தேன்.

அவர் திரும்பினார். கண்ணால் தண்ணீர் வழிந்தது. சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்ர அப்பப்பா சீவியத்தில ஒருநாளும் சிரிச்சதில்லை. படத்தைப் பாருங்கோ! அவருக்கு முன்னால ஒருத்தரும் சிரிச்சதும் இல்லை. இண்டைக்குத்தான் மனிசனுக்கு விடுதலை."

அதற்குப் பிறகு மண்டபத்தில் எழுந்த சிரிப்பு கடல் கடந்து நயினாதீவுக்கும் கேட்டிருக்கும். தபாலதிபருக்கு இருமல் வந்து முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. ஹான்ஸுக்காக அழுத பெண்கள்தான் எல்லோரையும்விட அதிகம் சிரித்தார்கள்.

சத்தம் அடங்கியதும் மார்க்குஸ் ஏதோ சொன்னார். சுதா அக்கா மொழிபெயர்த்தார். "தங்கட ஊரில உது பெரிய மரியாதையாம். சனத்தைச் சிரிக்க வைக்கிற ஆளுக்குத்தான் கழுத்தில போடுறதாம்."

முதலாளி தட்டத்தில் இருந்த பதக்கத்தை எடுத்தார். என்னிடம் வந்து என் கழுத்தில் போட்டார். போட்டுவிட்டுச் சபையைப் பார்த்துச் சொன்னார்.

"பித்தளை பொறுக்கிறவனுக்குப் பிள்ளையைக் குடுக்க ஏலாதெண்டு சொன்னனான், உண்மை. இவருக்குப் பித்தளையும் ஒழுங்காய்ப் பொறுக்கத் தெரியாது. ஆனபடியால் குடுக்கலாம்."

குடுத்தார். எங்கள் கலியாணப் படத்தில் குடும்பம் முழுக்க வலது கையை இடது நெற்றியில் வைத்துக்கொண்டு நிற்கிறது. இன்றைக்கும் சாப்பாட்டு மேசையில் நான் எதைப் பற்றியாவது அறுதியாக ஒரு கருத்துச் சொன்னால் (அது மீனின் விலையாக இருந்தாலும்) வதனியின் கை மெல்ல நெற்றிக்குப் போகும். பிள்ளைகள் கோரஸாக "அலாஃப்!" என்பார்கள். மாமி மட்டும் ஒன்றும் சொல்லமாட்டார். இந்த வீட்டில் இப்போது அவர் பேசத் தொடங்கினால் எல்லோரும் வாயை மூடிக்கொள்கிறோம்.

பிஸ்கற் ரின் இப்போதும் இருக்கிறது. அதில் உள்ளவை எல்லாம் வேறு ஆட்கள் வென்றவை, ஒன்றைத் தவிர. கலியாணத்துக்கு முதல் நாள் மாமா அந்தக் கோமாளிப் பதக்கத்தை வாங்கிக்கொண்டு போய் நகை செய்கிற பத்தரிடம் கொடுத்துத் திருப்பித் தந்தார். கையில் வந்ததும் பழக்கதோஷத்தில் விளிம்பைப் பார்த்தேன். சுற்றிவர என் முழுப்பெயரும் பொறித்திருந்தது.

"இனி ஒரு நிபுணருக்கும் சந்தேகம் வராது" என்றார் மாமா.