நான் கேள்வி கேட்ட முதல் நேர்முகப் பரீட்சை

நேர்முகப் பரீட்சைக்குப் போகிறவனுக்குக் கை கால் நடுங்கும். அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் கேள்வி கேட்கிற நாற்காலியில் முதன்முறையாக உட்காருகிறவனுக்கு என்ன நடக்கும் என்று யாரும் எழுதுவதில்லை. அவனுக்குத் தலை கனக்கும். குரல் தடிக்கும். எல்லாம் தெரிந்துகொண்டே பிறந்து வந்ததாக ஒரு நினைப்பு வரும். எனக்கு வந்தது. வந்த அன்றே, அந்த நினைப்பால் என் அக்காவின் கலியாணத்தைக் கவிழ்க்கப் பார்த்தேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கொள்ளுப்பிட்டியில் ஒரு சின்ன மென்பொருள் கம்பனியில் வேலை. சி என்ற கணினி மொழியில் எழுதுகிற குழு எங்களுடையது. (கணினி தெரியாதவர்கள் பயந்து ஓட வேண்டாம். இந்தக் கதைக்கு வேண்டியது கொஞ்சம்தான்.) வேறு சில மொழிகளில் நாம் போட்ட குப்பையை மொழியே கூட்டி அள்ளிவிடும். சி அப்படியில்லை. நினைவகத்தில் இடம் வேண்டுமென்றால் இயந்திரத்திடம் கேட்டு வாங்க வேண்டும். வேலை முடிந்ததும் நாமே அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மறந்தால் இயந்திரம் ஏசாது. பேசாமல் வீங்கிக்கொண்டே போய், ஒருநாள் தொப்பென்று விழுந்துவிடும்.

எங்கள் குழுவின் மூத்தவர் திடீரென்று அவுஸ்திரேலியாவுக்குப் பறந்துவிட்டார். அவருடைய இடத்துக்கு ஓர் ஆள் எடுக்க வேண்டும். வருகிறவர்களுக்குச் சி எவ்வளவு தெரியும் என்று பார்க்க, சி தெரிந்த ஒருவன் வேண்டும். மிச்சமிருந்தவர்களில் அன்றைக்கு லீவு போடாதவன் நான்தான். மனேஜர் என் தோளில் தட்டி, "நீயே பார்" என்றார். அந்தத் தட்டலில் நான் ஓரடி உயர்ந்துபோனேன்.

அதே வாரம் வீட்டில் வேறோர் அமளி. நாங்கள் வெள்ளவத்தையில், கடலைப் பார்த்து இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் மாடிவீட்டில் இருந்தோம். அக்காவுக்கு முப்பத்திரண்டு. வங்கியில் வேலை. அவளுக்குக் கலியாணம் பேசாத இடமில்லை. சாதகம் பொருந்தினால் சீதனம் பொருந்தாது. இரண்டும் பொருந்தினால், மாப்பிள்ளைக்கு லண்டனில் ஏற்கெனவே ஒரு குடும்பம் பொருந்தியிருக்கும். அம்மா புதுச் சம்பந்தம் ஒன்றைக் கொண்டு வந்தபோது, அக்கா கையில் இருந்த பையைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னாள்: "இதுதான் கடைசி அம்மா. இனி ஒருத்தருக்கும் முன்னால தேத்தண்ணித் தட்டோட போய் நிக்கமாட்டன். சத்தியமாச் சொல்லுறன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னாள். அதனால்தான் அம்மாவுக்குப் பயம் பிடித்தது.

"கொட்டாஞ்சேனைப் பெடியன். கண்ணன் எண்டு பேர். உன்னைப் போல அவனும் கொம்பியூட்டர்தான். போட்டோவை ஒருக்காப் பாரன்" என்று அம்மா என்னிடம் நீட்டினார்.

"வேலை கிடக்கம்மா, பிறகு பாக்கிறன்" என்று போய்விட்டேன். வேலை வேறொன்றுமில்லை, வருகிறவனை மடக்குவதற்குக் கேள்வி பொறுக்குவது. (அந்தப் போட்டோவை மட்டும் பார்த்துத் தொலைத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திராது.)

வெள்ளிக்கிழமை பின்னேரம் மாப்பிள்ளை வீட்டார் வருவதாக ஏற்பாடு. என் நேர்முகப் பரீட்சை அன்றைக்கு மதியம்.

வந்தவர் பெயர் து. ஜெயப்பிரகாஷ். நீலச் சட்டை, கழுத்தை நெரிக்கிற டை, மடியில் ஒரு கோப்பு. என் பக்கத்தில் ஆளணிப் பிரிவு டில்ருக்ஷி மிஸ் இருந்தார். வந்தவர் என்னைப் பார்த்து ஆறுதலாகச் சிரித்து, "தமிழ்தானே? தமிழில கதைக்கலாமோ?" என்று கேட்டார். நான் ஆங்கிலத்தில், இது அலுவலகம் என்றேன். மிஸ்ஸுக்குத் தமிழ் விளங்காது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில், தமிழில் அவ்வளவு உயரத்தில் ஏறி நின்று பேச எனக்கு வராது.

எழும்பிப் போய் வெண்பலகையில் ஒரு நிரல் எழுதினேன். பத்துப் பன்னிரண்டு வரிதான். பார்த்தால் பச்சைப்பிள்ளை. உள்ளே ஒரு பொறி. ஒரு மூலையில் ஏற்கெனவே திருப்பிக் கொடுத்த இடத்தையே மறுபடி திருப்பிக் கொடுக்கும். இன்னொரு மூலையில் வாங்கிய இடத்தைத் திருப்பிக் கொடுக்காமல் வெளியேறிவிடும்.

"இது ஓடினால் என்ன நடக்கும்?"

அவர் பார்த்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். முதல் பிழையைக் கண்டுபிடித்துச் சொன்னார். இரண்டாவதில் நின்றுவிட்டார். கடைசியில், "தெரியாது. ஓட்டிப் பார்த்துத்தான் சொல்வேன்" என்றார்.

அடடா, எனக்கு வந்த சந்தோஷம்! சுண்டெலியைக் கண்ட பூனைக்குக்கூட அப்படி வந்திராது. அவரை உட்காரச் சொல்லிவிட்டு, நான் நின்றுகொண்டு ஒரு பிரசங்கம் செய்தேன். நினைவகம் என்றால் என்ன, ஒழுக்கம் என்றால் என்ன, இந்தக் காலத்துப் பட்டதாரிகள் எங்கே போகிறார்கள் என்றெல்லாம். (அவர் என்னைவிட ஏழு வயது மூத்தவர் என்பது கோப்பிலேயே இருந்தது.) அடுத்த கேள்விக்கும் நேர்மையாக, "தெரியாது" என்றார். அதற்கடுத்ததற்கு விடை சொன்னார். ஆனால் நான் அப்போது விடை கேட்கிற நிலையில் இல்லை.

முடிவில் ஏசுவதற்கு மட்டும் தமிழுக்கு இறங்கினேன். "எடுத்ததைத் திருப்பிக் குடுக்கத் தெரியாத ஆளிட்ட ஒரு பொருளை எப்பிடி நம்பி ஒப்படைக்கிறது? நீங்களே சொல்லுங்கோ பாப்பம்."

அவர் எழும்பினார். கோப்பை எடுத்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனார். டில்ருக்ஷி மிஸ்ஸுக்கு மொழி விளங்காவிட்டாலும் அவருடைய முகம் விளங்கியிருக்க வேண்டும். "அனே, பவ்!" என்று சிங்களத்தில் அவருக்காக இரங்கி, என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, மனேஜரிடம் போய் ஆள் சரிவராது என்று சொல்லிவிட்டு, விசிலடித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டில் எனக்குக் கொடுத்திருந்த ஒரே பொறுப்பு, வரும்போது காலி வீதியில் பற்றீஸும் ரோல்ஸும் வாங்கி வருவது. அதற்கும் பிந்திவிட்டேன். முன்கதவால் போனால் அப்பா முறைப்பார் என்று பின்படியால் ஏறிக் குசினிக்குள் நுழைந்தேன். அக்கா பச்சைச் சேலையில், தேத்தண்ணிக்குச் சீனி போட்டுக்கொண்டு நின்றாள். போட்ட கோப்பைக்கே மறுபடியும் போட்டாள். பார்க்கப் பாவமாக இருந்தது.

"ஆள் எப்பிடி?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"இன்னும் பாக்கேல்ல. தாய்க்காரிதான் கதைக்கிறா. கேள்."

மண்டபத்திலிருந்து மாப்பிள்ளையின் அம்மாவின் குரல் கேட்டது. "குறை நினையாதேங்கோ. பிள்ளையின்ர முகம் வாடிக் கிடக்கு எண்டு யோசிப்பியள். இண்டைக்கு ஒரு இன்டர்வியூவுக்குப் போனவன். அங்க ஒருத்தன் பிள்ளையைப் போட்டு வறுத்தெடுத்திட்டானாம். மத்தியானம் சாப்பிடக்கூட இல்லை."

எனக்கு உண்மையாகவே மனம் உருகியது. பற்றீஸைத் தட்டில் அடுக்கிக்கொண்டே அக்காவிடம், "சீ, இப்பிடியும் மனிசர் இருக்குதுகளே" என்றேன். (இதை அக்கா இன்றுவரை எல்லாருக்கும் சொல்லிக்காட்டுகிறாள்.)

"எந்த இடமாம்?" இது அப்பா.

"கொள்ளுப்பிட்டியில. ஒரு சின்னப் பெடியனாம், மீசையும் ஒழுங்கா முளைக்கேல்லையாம். இவனைப் பாத்து, உங்களை நம்பி ஒரு பொருளை ஒப்படைக்கேலாது எண்டு சொல்லிப்போட்டானாம்!"

"ஆர் அந்த விசரன்?" என்று அப்பா சத்தமாகக் கேட்டார்.

என் கையிலிருந்த பற்றீஸ் நிலத்தில் விழுந்தது. எங்கள் ஆட்களுக்குப் பெயர் இரண்டு என்பது எனக்கு அந்த நேரத்தில்தான் ஞாபகம் வந்தது. அடையாள அட்டைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. என் சொந்தச் சித்தப்பாவின் முழுப்பெயரை அவருடைய மரண அறிவித்தலில்தான் முதன்முதலாகப் படித்தேன். கொட்டாஞ்சேனைக் கண்ணன் கொள்ளுப்பிட்டிக்கு வந்தால் து. ஜெயப்பிரகாஷ் ஆகிவிடுவார் என்று என் மூளைக்கு எட்டவில்லை.

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். விழுந்த பற்றீஸைப் பார்த்தாள். வங்கிக்காரிக்குக் கணக்கு விளங்க நேரமெடுக்கவில்லை.

"டேய். நீயோ?"

"அக்கா, நான் குளியலறைக்குள்ள இருக்கிறன். அவை போனாப்பிறகு கதவைத் தட்டு."

"அறைஞ்செண்டால் பல்லுக் கொட்டும். தட்டைத் தூக்கு" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. இதுதான் கடைசி என்று அவள் சொன்னது என் காதுக்குள் கேட்டது. அந்த நிமிடம் என்னை யாராவது கடலில் தூக்கிப் போட்டிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன்.

அக்கா தேத்தண்ணியோடு முன்னால் போனாள். நான் பற்றீஸ் தட்டை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். தட்டு என்ன பெரிய தட்டா? மாப்பிள்ளை என்னைக் கண்டதும், பழக்க தோஷத்தில் கதிரையிலிருந்து விறுக்கென்று எழும்பி நின்று சொன்னார்:

"குட் ஈவினிங் சேர்."

பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளை எழும்பி நின்று பெண்ணின் தம்பியைச் 'சேர்' என்று கூப்பிட்டதை வெள்ளவத்தை அதற்கு முன்னும் கண்டிராது, பின்னும் கண்டிராது.

"தம்பி கண்ணன், இவரை உனக்குத் தெரியுமோ?" என்றார் அவருடைய அம்மா.

அவர் நினைத்திருந்தால் சமாளித்திருக்கலாம். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "ஓம் அம்மா. இண்டைக்கு இன்டர்வியூ எடுத்தவர் இவர்தான். ஆனா கேட்டது சரியான கேள்விதான். எனக்குத்தான் தெரியேல்ல."

அந்த மாமி கைப்பையை எடுத்தார். "எழும்பு தம்பி, போவம். பொருளை ஒப்படைக்கேலாத ஆளுக்குப் பொம்பிளையை ஒப்படைப்பினமோ?"

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார். அப்பா, தான் சற்று முன் விசரன் என்று சொன்னது பெற்ற பிள்ளையைத்தான் என்று விளங்கி, வாய் திறந்தபடியே நின்றார். அக்காதான் தட்டை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மாமி, ஒரு நிமிசம் இருங்கோ. போறதெண்டால் போங்கோ, ஆனா ஒண்டு கேட்டிட்டுப் போங்கோ." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ கேட்ட கேள்விக்கு விடை உனக்கு எப்ப தெரியும்?"

"போன மாசம்" என்றேன்.

"எப்பிடித் தெரிஞ்சது? புத்தகத்தில படிச்சனியோ?"

நான் நிலத்தைப் பார்த்தேன். "இல்லை. நானே அந்தப் பிழையை விட்டனான். வாடிக்கையாளரின்ர சேர்வர் ஒரு நாள் முழுக்கப் படுத்திட்டுது. போன அண்ணை திருத்தித் தந்திட்டுத்தான் அவுஸ்திரேலியாவுக்குப் போனவர்."

முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான். சும்மா சிரிப்பில்லை, டையைத் தளர்த்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "அப்ப, சேர், உங்களை நம்பியோ ஒரு சேர்வரை ஒப்படைச்சவங்கள்?" என்றார். அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் அப்படிச் சிரித்து நான் கண்டு கனகாலம். மாமி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கைப்பையை மெல்ல மடியில் இறக்கினார். "அந்தப் பற்றீஸை இஞ்சால கொண்டு வாரும்" என்று எனக்குக் கட்டளை வந்தது. மாமியின் பிள்ளை அன்றைக்கு நாலு பற்றீஸ் சாப்பிட்டது.

அவர்கள் போன பிறகு குசினியில் வைத்து அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே, "இதுக்கு முந்தி வந்தவங்கள் எல்லாரும் எல்லாம் தெரிஞ்ச ஆக்களடா. தெரியாததைத் தெரியாது எண்டு சொன்னது இந்தாள் ஒராள்தான். எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள். வேலையை எப்படியாவது அவருக்கு எடுத்துக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். "வாயை மூடு. அவர் தன்ர வேலையைத் தானே தேடுவார்" என்றாள். தேடினார். எங்களைவிடப் பெரிய இடத்தில் கிடைத்தது. நானும் இன்றுவரை ஆள் எடுக்கிறேன். தமிழ்ப் பெடியன் யாராவது வந்தால் என் முதல் கேள்வி, "வீட்டில உங்களை என்னெண்டு கூப்பிடுறவை?" என்பதுதான்.

இதோடு முடிந்திருந்தால் தப்பியிருப்பேன். ஆனால் எங்கள் கலியாணங்களில் மாப்பிள்ளைத் தோழன் பெண்ணின் தம்பிதான். மண்டப வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி உள்ளே கூட்டி வர வேண்டியவன் அவன். அக்காவுக்கு இருந்த ஒரே தம்பி நான்.

கலியாணத்தன்று மேளம் முழங்க அத்தான் வாசலில் வந்து நின்றார். நான் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, செம்புத் தண்ணீரோடு குனிந்தேன். இரு வீட்டுச் சனமும் சுற்றி நின்றது, எல்லாருக்கும் கதை தெரிந்திருந்தது. நான் ஒரு காலைக் கழுவி மற்றதற்குப் போக, மாமியின் குரல் மேளத்துக்கு மேலால் கேட்டது: "தம்பி, விரல் இடுக்கெல்லாம் வடிவாக் கழுவும். அவசரமில்லை." சனம் விழுந்து விழுந்து சிரித்தது. ஐயர் போதும் போதும் என்கிறார், மாமி இன்னும் கொஞ்சம் என்கிறார். வீடியோக்காரன் கமெராவை என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தான். அத்தான் குனிந்து, கால் கழுவியவனுக்குப் போடுகிற மோதிரத்தை என் விரலில் போட்டு, "போதும் மச்சான், தோல் உரியப்போகுது" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அந்த வீடியோவை அவர்கள் வீட்டுக்குப் போகிற யாரும் பார்க்காமல் தப்பியதில்லை. இப்போதும் நான் அங்கே போய், உலக விஷயம் எதையாவது எடுத்து நீட்டி முழக்கத் தொடங்கினால், அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல் மகளுக்குக் குரல் கொடுப்பாள்: "பிள்ளை, மாமாவுக்கு அந்தச் செம்பை எடுத்துக் குடு."

அத்தான் சிரித்துக்கொண்டே காலை நீட்டுவார். நான் வாயை மூடிக்கொள்வேன்.