எம்.டிஎச். இடத்துக்காக நான் ஓடிய ஓட்டம்

இறையியலில் எம்.டிஎச். சேர என்னென்ன தகுதி வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பி.டி. என்ற இறையியல் இளநிலைப் பட்டம் வேண்டும். கிரேக்கம் தெரிய வேண்டும். எபிரேயத்தை எந்தப் பக்கத்திலிருந்து வாசிப்பது என்றாவது தெரிய வேண்டும். ஒரு சபையில் இரண்டு வருஷம் ஊழியம் செய்திருக்க வேண்டும், பிஷப்பின் சிபாரிசு வேண்டும். இவை எல்லாம் என்னிடம் இருந்தன. ஆபத்து என்றால் ஓடாமல் நிற்க வேண்டும் என்று மட்டும் கல்லூரிக்காரர்கள் எங்கேயும் போட்டிருக்கவில்லை. போட்டிருந்தால் நான் விண்ணப்பமே செய்திருக்க மாட்டேன்.

ஐம்பதுகளின் கடைசி அது. தாயில்பட்டிப் பக்கம் ஒரு சின்னச் சபைக்கு நான் இளம் ஐயர் (எங்கள் சபைகளில் பாதிரியாரை அப்படித்தான் கூப்பிடுவோம்). சபையில் முக்கால்வாசிப் பேர் பட்டாசுக் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள். என் அப்பாவே பக்கத்துக் கம்பெனியில் போர்மேன். அவர் மகன் ஐயர் ஆனதே அவருக்குப் பெருமை. இதில் பெங்களூருக்கு மேல்படிப்பு வேறு என்றதும் மனுஷன் தரையில் நடக்கவில்லை. "எம் மகன் கிரேக்கத்துல பெரிய படிப்பு படிக்கப் போறான்" என்று டீக்கடையில், பஸ்ஸில், கம்பெனி கேட்டில், எதிர்ப்பட்டவர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டார். எனக்கும் அந்த இடம் உயிராக இருந்தது. பட்டாசுக்காரன் மகன் ஒரு நாள் கல்லூரியில் நின்று பாடம் நடத்துவான் என்று தினமும் கனவு. கண்ணாடி முன்னால் நின்று பேராசிரியர் மாதிரி தொண்டையைக் கனைத்துக்கூடப் பழகியிருந்தேன்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு தகுதி. சாதாரண ஜனங்களுக்கு விளங்கும்படி பிரசங்கிக்கத் தெரிகிறதா என்று கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் நேரில் வந்து உட்கார்ந்து கேட்டுப் பார்ப்பார். அவர் திருப்தி என்றால் இடம் உறுதி.

நான் எடுத்துக்கொண்ட தலைப்பு, 'பரிசுத்த அக்கினி'. ஐந்து பக்கம் எழுதி, அடுப்படியில் நின்று என் மனைவி கிரேஸிடம் ஒப்பித்தேன். அவள் மல்லாங்கிணற்றில் விவசாயக் குடும்பத்துப் பெண். கல்யாணமாகி வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பட்டாசுக் கம்பெனி வாசலைக்கூட மிதித்ததில்லை. தினமும் கேட்டுக் கேட்டு அவளுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

ஒரு நாள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். "ஏங்க, மூணாவது பக்கத்துல அக்கினி, அக்கினின்னு கத்துறீகளே, அதுக்கு யாரு பயப்படுவா? வீட்டுல யாராவது அக்கினியா பத்த வைக்காக? நெருப்புன்னு சொல்லுங்க. சனங்களுக்குச் சட்டுனு புரியும்."

எனக்குப் புல்லரித்துவிட்டது. விளங்கும்படி சொல்ல வேண்டும் என்பதுதானே தகுதியே! அன்றே ஐந்து பக்கத்திலும் திருத்தினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. பேராசிரியர் ஒல்லியான மனிதர், கறுப்புக் கோட்டு, மூக்கு நுனியில் கண்ணாடி. முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். கோயில் நிறைந்திருந்தது. அந்தக் கோயிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதைக் கட்டிய கொத்தனார் பட்டாசு ஷெட் கட்டியே பழகியவர். கைப்பழக்கத்தில் கோயிலுக்கும் நாலு பக்கமும் வாசல் வைத்துவிட்டார். நல்ல காற்று வருகிறது என்று நாங்கள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம்.

இரண்டு பக்கம் அமர்க்களமாகப் போயிற்று. பேராசிரியர் தலையை ஆட்டினார். அவர் ஆட்ட ஆட்ட எனக்குக் குரல் ஏறியது. மூன்றாவது பக்கம் வந்தது. அங்கியின் கையைச் சுருட்டிவிட்டு, பீடத்தை ஓங்கிக் குத்தி, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்:

"நெருப்பு! நெருப்பு! நெருப்பு!"

கம்பெனியில் ஒரு சட்டம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். நெருப்பு என்று யார் குரல் கொடுத்தாலும் என்ன, எங்கே என்று கேட்கக் கூடாது. திரும்பிப் பார்க்கக் கூடாது. செருப்பைத் தேடக் கூடாது. கிட்ட இருக்கிற வாசல் வழியாக ஓட வேண்டும், அவ்வளவுதான். எங்கள் ஊரில் இந்தச் சட்டம் புத்தியில் இல்லை, காலில் இருந்தது.

நான் மூன்றாவது 'நெருப்பு'க்கு வாய் திறக்கும்போதே கோயில் காலி. நாலு வாசலிலும் ஜனம் பிய்த்துக்கொண்டு போயிற்று.

இந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? "பயப்படாதீர்கள், இது பிரசங்கம்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நானும் போர்மேன் மகன்தானே! இத்தனை பேர் ஓடுகிறார்களே, எங்கேயோ நிஜமாகவே பிடித்துவிட்டது போலிருக்கிறது என்று, அங்கியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு பீடத்திலிருந்து குதித்து ஓடினேன். சும்மா ஓடவில்லை. முன்னால் போனவர்களை எல்லாம் தாண்டி, கருவேலங்காட்டுக்குள் முதல் ஆளாகப் போய் நின்றேன் (பள்ளிக்கூடத்தில்கூட நான் ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்ததில்லை).

பின்னாலேயே அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். "எங்கனலே நெருப்பு?"

"தெரியலப்பா. நீங்கெல்லாம் ஓடுனீக, நானும் ஓடியாந்தேன்."

"அடப் பாவி! நாங்க நீ சொல்லித்தானலே ஓடுனோம்!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேராசிரியரை உள்ளேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். காலில் தைத்த முள்ளைக்கூடப் பிடுங்காமல் திரும்பினேன்.

வாசலில் பாக்கியம் அக்கா நின்றது. வெடிக்குத் திரி வைக்கிற வேலை அதற்கு. இடுப்பில் பிள்ளை, காலில் செருப்பு இல்லை. "ஐயா, அந்த வார்த்தைய மட்டும் இங்கன வச்சுச் சொல்லாதீக. ஆறு நாளும் அங்கன பயந்துக்கிட்டே உக்காந்திருக்கோம். ஏழாவது நாளு கோயில்லயாவது பயமில்லாம உக்கார வேணாமா?"

நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டேன். "இனிமே சொல்ல மாட்டேன்க்கா" என்றேன். வெட்கமாக இருந்தது, அழுகையாகவும் வந்தது.

உள்ளே பேராசிரியர் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரில் கிரேஸ் நின்று பேசிக்கொண்டிருந்தாள். நான் போட்டுவிட்டு ஓடிய பிரசங்கத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தாள். எல்லோரும் ஓடியதும் அவர் பதறி எழுந்தாராம். "உக்காருங்க ஐயா, நெருப்பெல்லாம் இல்ல. அது மூணாவது பக்கம். மிச்சத்தையும் கேட்டுட்டுப் போங்க" என்று உட்கார வைத்து, ஒரு வரி விடாமல் சொல்லியிருக்கிறாள்.

மத்தியானச் சாப்பாட்டில் பேராசிரியர் என் விண்ணப்பத்தை எடுத்தார். ஏன் இந்தப் படிப்பு என்ற கேள்விக்கு, 'ஆபத்தில் மந்தையை விட்டு ஓடாத மேய்ப்பனாக என்னைத் தகுதிப்படுத்திக்கொள்ள' என்று நான் எழுதியிருந்தேன். அதை நிதானமாக இரண்டு தரம் வாசித்தார்.

"விட்டு ஓடினீர் என்று சொல்ல முடியாது, தம்பி. மந்தைக்கு முன்னால் அல்லவா ஓடினீர்!"

அப்பா சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். வாயில் வைக்கவில்லை.

"ஜனங்களுக்கு உம் பிரசங்கம் விளங்குகிறது, அதில் சந்தேகமில்லை" என்றார் பேராசிரியர். "ஆனால் இந்தச் சபையிலிருந்து ஒருவரைச் சிபாரிசு செய்யச் சொன்னால், நான் இந்த அம்மாவைத்தான் செய்வேன். பி.டி. முடித்திருக்கிறார்களா?"

"எட்டாங்கிளாஸ் முடிச்சிருக்கேன் ஐயா" என்று சொல்லி கிரேஸ் அவருக்கு ரசம் ஊற்றினாள்.

எனக்கு இடம் கிடைக்கவில்லை. இரண்டு நாள் படுத்துக் கிடந்தேன். அப்பாவோ, மகன் பெங்களூர் போகவில்லையா என்று டீக்கடையில் கேட்டவர்களிடம், "மருமக பாஸ் ஆயிட்டா, இவன்தான் பெயிலு" என்று சொல்லிச் சமாளித்துவிட்டார். அன்று பிடித்து கிரேஸுக்குப் பெயர் 'எம்.டிஎச். அம்மா'. நான் ஊழியம் பார்த்த எல்லா ஊருக்கும் அந்தப் பட்டம் எங்களுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு எந்தப் பிரசங்கத்திலும் நெருப்பு என்று சொல்லாமல், 'அக்கினி'யையே கடைசிவரை வைத்துக்கொண்டேன்.

இப்போது ஓய்வு பெற்று, வீட்டு ஜெபத்தில் மட்டும்தான் என் பிரசங்கம். நான் எழுந்து தொண்டையைக் கனைத்தால் போதும், பேரன்கள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்று, "ம், ஆரம்பிங்க தாத்தா" என்கிறார்கள்.