யூரியா சாக்குக்குள் ஒரு வேதியியல் பட்டதாரி

பரீட்சையில் முழு மதிப்பெண் வாங்கிய விஷயத்தாலேயே சாகப் பார்த்த ஆள் வேறு யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். எனக்குத் துணைக்கு ஆள் வேண்டும்.

கார்பன் மோனாக்சைடு: நிறம் கிடையாது, மணம் கிடையாது. சுவாசித்தால் முதலில் தலைவலி, பிறகு தூக்கம், பிறகு மரணம். இதை பி.எஸ்சி. பரீட்சைத் தாளில் ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டு எழுதினேன். பத்துக்குப் பத்து. ஆறு மாதம் கழித்து அதே வாயுவைக் கூடாரம் கட்டிப் பிடித்து, பெற்ற தாய்க்கும் கொடுத்து, நானும் குடித்தேன்.

அப்பா இறந்த பிறகு எங்கள் இரண்டு ஏக்கர் குத்தகை நிலத்தில் அம்மாதான் பாடுபட்டுக்கொண்டிருந்தாள். நிலத்துச் சொந்தக்காரர் மெட்ராஸில். ஊரில் அவருக்குக் கண், காது, வாய் எல்லாம் காரியஸ்தர்தான். பயிர் செய்கிறவரின் பெயரைக் குத்தகைதாரர் என்று பதிய வேண்டும் என்று புது ஆட்சியில் சட்டம் வந்திருந்தது. பதிந்துவிட்டால் நினைத்த நேரத்தில் வெளியேற்ற முடியாது. அம்மா மனு கொடுத்தாள். காரியஸ்தர் உடனே ஆட்சேபணை கொடுத்தார்: புருஷனோடு குத்தகை முடிந்தது, இந்தம்மாள் வயலில் கால் வைத்ததே இல்லை. (அந்த மனுஷன்தான் குடை பிடித்துக்கொண்டு வரப்பிலேயே நின்றவர். கால் வைக்காததைப் பற்றி அவருக்கு நன்றாகத் தெரியும்.)

விசாரணை மன்னார்குடியில், காலை பதினொரு மணிக்கு. அம்மா வராவிட்டால் மனு தள்ளுபடி. அப்புறம் நிலமும் இல்லை, சோறும் இல்லை.

"எட்டு மணி பஸ்ஸுல போயிடுவோம்டா" என்றாள் அம்மா.

பஸ்ஸா! ஊரின் முதல் பட்டதாரி, டீக்கடை பெஞ்சில் ஏறி அடுக்குமொழியில் முழங்குகிறவன், தன் தாயின் உரிமைப் போருக்குக் கோழிக்கூடையோடு பஸ்ஸில் போவதா? பம்புசெட் ரிப்பேர் செய்யும் செல்வராசுவிடம் மோட்டார் சைக்கிளை இரவல் கேட்டேன். அவன் நல்லவன். சொல்லித்தான் கொடுத்தான்.

"எஞ்சின்லேருந்து சைலன்சர் கெளம்புற எடத்துல குழாய் வெடிச்சிருக்கு. பொகையெல்லாம் உன் முழங்காலுகிட்டயே வரும். வெல்டிங் வெச்சுத் தர்றேன், நாளைக்கு எடுத்துக்க."

"காத்துல போயிடும்டா" என்றேன்.

காற்றில் போய்த்தான் இருக்கும். காற்றை நான் விட்டிருந்தால்.

அது ஐப்பசி. விடியும்போதே மழை. நடவுக்குப் போகிற பெண்கள் யூரியா சாக்கைக் கொங்காணி மடித்துத் தலையில் போட்டுக்கொள்வது எங்கள் பக்கத்தில் வழக்கம். முதுகு நனையாது, முகம் திறந்திருக்கும், மூச்சு விடலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கண்டுபிடித்தது என்பதால் அதில் எனக்குத் திருப்தி இல்லை. நான் ஆறு சாக்கைக் கோணி ஊசியால் ஒன்றாகத் தைத்தேன். ஹாண்டில்பாரிலிருந்து அம்மாவின் முதுகு வரைக்கும், மேலே என் தலையையும் மூடி, கீழே எஞ்சினையும் மூடி, ஒரே கூடாரம். முன்னால் பார்ப்பதற்கு நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போடும் கண்ணாடித் தாளில் ஒரு ஜன்னல். பத்திரங்கள் நனையாது, அம்மா நனைய மாட்டாள், நான் எழுதி வைத்திருந்த நான்கு பக்க வாதமும் நனையாது. என் மூளையை நினைத்து எனக்கே புல்லரித்தது.

அம்மா கூடாரத்தைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"பொணத்துக்குக் கட்டுற மாதிரி இருக்குடா."

"ஏறும்மா."

பத்திர மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள். குண்டும் குழியுமான ரோட்டில் வண்டி ஊர்ந்தது, எஞ்சின் உறுமியது. ஒரு மைல்கூடப் போகவில்லை, பின்னாலிருந்து குரல்.

"என்னடா இது, நாத்தம் கொடலப் புடுங்குது?"

இதற்கு நான் சொன்ன பதிலைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். பல்கலைக்கழகம் எனக்குப் பட்டம் கொடுத்திருந்தது என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு படியுங்கள்.

"நாத்தம் அடிச்சா விஷம் இல்லம்மா. விஷவாயுவுக்கு வாசனையே கிடையாது. அதான் சயின்ஸ்."

மணமுள்ள புகையோடு மணமில்லாத வாயுவும் கூடவே வரும் என்பது அந்த அடிக்கோடு போட்ட பதிலில் இல்லை. அதனால் எனக்கும் தெரியவில்லை.

"சாக்கைக் கொஞ்சம் தூக்குடா, தல வலிக்குது."

"பசியா இருக்கும். மன்னார்குடியில இட்லி வாங்கித் தர்றேன்."

எனக்கும் நெற்றிப்பொட்டில் விண்விண்ணென்று தெறித்தது. அதை அறிவாளிகளுக்கு வரும் தலைவலி என்று எடுத்துக்கொண்டேன். பிறகு கொட்டாவி. ஒன்று, இரண்டு, அப்புறம் வாயை மூடவே முடியவில்லை. கண் சொக்கியது. விசாரணையில் நான் பேசுவதும், தாசில்தார் எழுந்து கைதட்டுவதும், காரியஸ்தர் குடையை விட்டுவிட்டு ஓடுவதும் தெரிந்தது. இன்னொன்றும் கவனித்தேன்: பின்னால் அம்மா பேச்சை நிறுத்தி ரொம்ப நேரம் ஆகியிருந்தது. பிறந்ததிலிருந்து எங்கள் அம்மா ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. அந்த நொடியில் நான் வண்டியை நிறுத்தியிருக்க வேண்டும். "பரவாயில்லை, நிம்மதியாகத் தூங்குகிறாள்" என்று சந்தோஷப்பட்டேன். அட மடப்பயலே!

அப்புறம் நானும் தூங்கிவிட்டேன்.

விழித்தபோது வாய் முழுக்கச் சேறு. ரோட்டோரம் அப்போதுதான் நட்டு முடித்திருந்த வயலுக்குள் வண்டி குப்புறக் கிடந்தது. கூடாரத்தின் தையல் விட்டுப் போயிருந்தது. (நான் ஒழுங்காகத் தைத்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.) பக்கத்து வயலில் நட்டுக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்து சாக்கைக் கிழித்து அம்மாவை வெளியே இழுத்தார்கள். அவள் கண் திறக்கவில்லை. முகத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. "அம்மா, அம்மா" என்று கத்தினேன். என் வாழ்க்கையில் அடுக்குமொழி இல்லாமல் நான் பேசிய முதல் பேச்சு அதுதான். நிலம் போனால் போகட்டும், இவள் எழுந்தால் போதும் என்று இருந்தது.

அவள் இருமினாள். வாந்தி எடுத்தாள். கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை, வயலைத்தான் பார்த்தாள்.

"அடப்பாவி, யாரு வயலுடா இது? நட்ட பயிரெல்லாம் நசுக்கிப் போட்டிருக்கியே!"

அந்தப் பெண்கள் வேண்டாம் வேண்டாம் என்று தடுத்தும் கேட்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தள்ளாடித் தள்ளாடி, வண்டி சாய்த்த நாற்றையெல்லாம் பிடுங்கி வரிசையாக ஊன்ற ஆரம்பித்துவிட்டாள். கூட்டத்தைப் பார்த்து ஒரு ஜீப் வந்து நின்றது. உள்ளே கண்ணாடி போட்ட ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னய்யா வேடிக்க? எறங்கி வந்து வண்டிய ஒரு கை புடிங்க" என்றாள் அம்மா நிமிராமலே.

அவர் டிரைவரோடு இறங்கினார். பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு சேற்றில் நின்று வண்டியைத் தூக்கினார். நான் வரப்பில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டின் ஆண்பிள்ளை! அம்மா கடைசி நாற்றை ஊன்றிவிட்டுத்தான் கரையேறினாள். ஜீப் அதற்குள் போய்விட்டது. வண்டியை அந்தப் பெண்களிடம் ஒப்படைத்துவிட்டு அடுத்து வந்த பஸ்ஸில் ஏறினோம். "சீட்டுல உக்காந்துடாதீங்க" என்று கண்டக்டர் மன்னார்குடி வரைக்கும் எங்களை நிற்க வைத்தே கொண்டுபோனார்.

பதினொன்றே காலுக்குத் தாலுகா ஆபீசுக்குள் நுழைந்தோம். காரியஸ்தர் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தார், சலவை வேட்டியில்.

"நாத்து எந்தப் பக்கம் வேர், எந்தப் பக்கம் தழைன்னே தெரியாதுங்க அந்தம்மாவுக்கு. ஒரு நாள் சேத்துல எறங்கினதில்ல."

மேஜைக்குப் பின்னாலிருந்து தாசில்தார் தலை நிமிர்ந்தார். கண்ணாடி. மேஜைக்கு அடியில், முழங்கால் வரைக்கும் சேறு காய்ந்த பேன்ட்.

எனக்கு மயக்கம் மறுபடி வந்தது. எங்கள் அம்மாவுக்கு வரவில்லை.

"நீங்கதானா?" என்றாள். "வண்டியத் தூக்கையில மூணு நாத்த மிதிச்சிட்டீங்க. அதையும் நாந்தான் நட்டேன்."

தாசில்தார் காரியஸ்தரைப் பார்த்தார். "ஏங்க, சாகக் கெடந்து எழுந்திரிச்ச பொம்பள அடுத்தவன் வயல்ல நாத்து ஊன்றத நானே பாத்தேன். இவங்களா சேத்துல எறங்காதவங்க?"

அப்புறம் வயல் வேலை பற்றி அம்மாவிடம் பத்துக் கேள்வி கேட்டார், ஊர்க்காரர் இரண்டு பேர் சாட்சி சொன்னார்கள். அதுவும் முறைப்படி நடந்தது. என் நான்கு பக்க வாதம் சட்டைப்பையில் சேற்று உருண்டையாகக் கிடந்தது. நாக்கு தடித்துப்போய் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜெயித்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது அம்மாவின் கட்சி. குத்தகைப் பதிவு நகலில் அவள் பெருவிரல் ரேகைக்குப் பக்கத்தில் பழுப்பாக ஒரு சேற்றுக் கறை இன்றைக்கும் இருக்கிறது.

பிறகு நான் வேதியியல் ஆசிரியரானேன். (மாணவர்கள் பாவம்.) எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில், "மாப்ளை எது வரைக்கும் படிச்சிருக்காரு?" என்று கேட்டார்கள். அம்மா கொஞ்சமும் யோசிக்காமல், "யூரியா சாக்கு வரைக்கும்" என்று தொடங்கி, கடைசி நாற்று வரைக்கும் சொல்லி முடித்தாள். கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பைத்தான் கட்டிக்கொண்டேன்.

அம்மா போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. அவள் ஊரெல்லாம் சொல்லிவைத்த என் சயின்ஸ் வசனம் மட்டும் போகவில்லை. போன வாரம்கூட என் மனைவி முந்தின நாள் சாம்பாரை முகர்ந்து பார்த்து முகம் சுளித்தாள். பிறகு அப்படியே என் தட்டில் ஊற்றினாள்.

"நாத்தம் அடிக்குது" என்றாள். "அப்ப விஷம் இல்ல. சாப்பிடுங்க."